ககாவா ஏன் இவ்வளவு மலிவாகப் போனார்? ஜப்பான் கால்பந்து வீரரின் வெளிநாட்டுப் பயணம், ஓர் எளிய விளக்கம்

2010 கோடையில் ஜெர்மனியின் போருசியா டோர்ட்மண்ட் கிளப், ஒசாகா நகரத்து செரெசோ கிளப்பிலிருந்து ஷின்ஜி ககாவா என்ற 21 வயது வீரரைக் கூட்டிக்கொண்டு போனது. அதற்காகக் கொடுத்தது 3.5 லட்சம் யூரோ. இரண்டு வருடம் கழித்து அதே ககாவாவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது, அப்போது வந்த செய்திகளின்படி, பேசப்பட்ட தொகை சுமார் 1.2 கோடி பவுண்டு. கூடுதல் நிபந்தனைகள் நிறைவேறினால் 1.7 கோடி வரை போகும் என்றார்கள். இடைப்பட்ட இரண்டு சீசனிலும் டோர்ட்மண்ட்தான் ஜெர்மன் சாம்பியன்.

இதைக் கேட்டவுடன், "செரெசோக்காரர்கள் ஏமாந்துவிட்டார்கள்" என்றுதான் தோன்றும். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு ஜப்பான் வீரர் எங்கே வளர்கிறார், எப்போது கிளம்புகிறார், ஏன் அநேகமாக ஜெர்மனியிலோ பெல்ஜியத்திலோ போய் இறங்குகிறார், ஏன் 30 தாண்டிய பிறகு ஊர் திரும்புகிறார் என்று பார்த்தால் அந்த 3.5 லட்சத்துக்குக் காரணம் பிடிபடும். உலகக் கோப்பை சமயத்தில் மட்டும் கால்பந்து பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கம்பெனி அணிகளிலிருந்து ஜே லீக் வரை

1993-க்கு முன் ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக் கிடையாது. 1965-இல் தொடங்கிய ஜப்பான் சாக்கர் லீக்கில் ஆடியவை கம்பெனி அணிகள்: ஃபுருகாவா எலக்ட்ரிக், மிட்சுபிஷி, நிசான், யான்மார் டீசல் என்று. வீரர்கள் அந்தந்தக் கம்பெனியின் ஊழியர்கள். நம் ஊரில் ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்து அணி நடத்தினவே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. யான்மார் டீசல் அணிதான் பின்னாளில் செரெசோ ஒசாகா ஆனது.

அந்தக் காலத்திலேயே ஒருவர் வெளியே போனார். ஃபுருகாவாவின் யசுஹிகோ ஒகுதேரா 1977-இல் ஜெர்மனியின் கொலோன் அணியில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே அந்த அணி லீக், கோப்பை இரண்டையும் வென்றது. 1986 வரை ஜெர்மனியிலேயே இருந்தார். ஆனால் அவர் திறந்த கதவு வழியே கூட்டம் போகவில்லை. உள்ளூரில் முழுநேரத் தொழிலாகக் கால்பந்து ஆடவே வழியில்லாதபோது, அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?

1993 மே 15 அன்று தோக்கியோ தேசிய மைதானத்தில் வெர்தி கவாசாகியும் யோகோஹாமா மரினோஸும் மோத, ஜே லீக் பிறந்தது. அப்போது 10 கிளப். இப்போது மூன்று பிரிவுகளில் 60. பிரேசிலின் ஜிகோ, இங்கிலாந்தின் கேரி லினேக்கர், ஜெர்மனியின் பியர் லிட்பார்ஸ்கி போன்றவர்கள் ஆரம்ப நாட்களில் அங்கே ஆடி மைதானத்துக்குக் கூட்டம் சேர்த்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால், அந்த நட்சத்திரங்களைவிட இரண்டு விதிகள்தாம் முக்கியம். கிளப் கம்பெனி பெயரை விட்டுவிட்டு ஊரோடு ஒட்ட வேண்டும்; சிறுவர்களுக்கான இளையோர் அணிகளைத் தானே நடத்த வேண்டும். இதற்குப் பலன் வர ஒரு தலைமுறை ஆனது. 1998-இல் ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அணியிலிருந்த 22 பேரும் ஜே லீக்கில் ஆடியவர்கள். 2022-இல் கத்தாருக்குப் போன 26 பேரில் 19 பேர் ஐரோப்பிய கிளப்புகளைச் சேர்ந்தவர்கள். அங்கே ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் கோலடித்த தோவான், அசானோ இருவரும் அப்போது ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தாம்.

பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்

ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒரே பாதைதான். எட்டு, பத்து வயதில் கிளப் அகாடமி. பதினெட்டில் ஒப்பந்தம் அல்லது வீட்டுக்கு. ஜப்பானில் மூன்று வாசல்.

ஒன்று, ஜே லீக் கிளப்பின் இளையோர் அணி. இரண்டாவது, பள்ளிக்கூடம். அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துப் போட்டி 1917-இல் வேர் விட்ட பழைய போட்டி. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும். ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரும். தோக்கியோவைத் தவிர ஒரு மாநிலத்துக்கு ஒரு பள்ளி என்பதால் ஊரே பின்னால் நிற்கும். கிளப் அகாடமியில் கழித்துவிடப்பட்ட பையனுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. ஷுன்சுகே நகமுரா யோகோஹாமா மரினோஸின் சிறுவர் அணியிலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகவில்லை. தோகோ ககுயென் பள்ளிக்குப் போனார். பிறகு அதே மரினோஸ் அவரை ஒப்பந்தம் செய்தது; 2006-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட் வலைக்குள் ஃப்ரீ கிக் அடித்தவர் அவர். கெய்சுகே ஹோண்டாவையும் காம்பா ஒசாகா மேலே ஏற்றவில்லை. அவர் செய்ரியோ பள்ளி, நகோயா கிளப், நெதர்லாந்தின் வென்லோ, மாஸ்கோ என்று போய் ஏசி மிலானில் 10-ஆம் எண் சட்டை போட்டார்.

மூன்றாவது வாசல் பல்கலைக்கழகம். வெளிநாட்டு ரசிகர்களுக்கு இதுதான் நம்பச் சிரமமான சங்கதி. காவோரு மிதோமா கவாசாகி ஃப்ரொன்தாலே அகாடமியில் வளர்ந்தவர். 18 வயதில் கிளப் ஒப்பந்தம் நீட்டியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு த்சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பந்தை நகர்த்தி எதிராளியைத் தாண்டுவது எப்படி என்பதையே பட்ட ஆய்வாக எழுதினார். 2020-இல் கவாசாகிக்கு வந்தார், 2021-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் அவரை வாங்கியது. இன்டர் மிலானில் ஏழு ஆண்டு ஆடிய யூதோ நகதோமோவும் மெய்ஜி பல்கலைக்கழகத்து ஆள். படித்துக்கொண்டே ஜே லீக் ஆட்டங்களில் இறங்கவும் அங்கே வழி உண்டு. "சிறப்பு அனுமதி வீரர்" என்று பதிவு செய்துகொள்வார்கள்.

ககாவா இந்த மூன்றிலும் அடங்காதவர். கோபே நகரில் 1989-இல் பிறந்தார். நடுநிலைப் பள்ளி வயதிலேயே குடும்பத்தை விட்டு 600 கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே உள்ள செந்தாய்க்குப் போய், மியாகி பார்சிலோனா என்ற உள்ளூர்ச் சிறுவர் கிளப்பில் சேர்ந்தார். 2006-இல், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியும் முன்பே, செரெசோ அவரைத் தொழில்முறை வீரராக எடுத்துக்கொண்டது. ஜே லீக் அகாடமியில் இல்லாத ஒரு பையனுக்குப் பள்ளி முடியும் முன் ஒப்பந்தம் என்பது அதுவரை நடக்காதது.

முதல் சம்பளமும் முதல் விலையும்

செரெசோவில் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தவர் லெவிர் குல்பி என்ற பிரேசில் பயிற்சியாளர். நடுக்களத்தில் பின்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தவரை முன்னால் தள்ளினார். 2009-இல் இரண்டாம் பிரிவில் 27 கோல் அடித்து அந்தப் பிரிவின் முதல் கோல்காரர் ஆனார் ககாவா. செரெசோ முதல் பிரிவுக்கு ஏறியது. 2010-இல் 11 ஆட்டத்தில் 7 கோல். அதோடு கிளம்பிவிட்டார்.

இனி அந்த 3.5 லட்சம்.

ஜப்பானில் புதிதாக வரும் வீரரின் சம்பளத்துக்கு நீண்ட காலம் உச்சவரம்பு இருந்தது. புதியவருக்கு "சி" வகை ஒப்பந்தம்: ஆண்டுக்கு அதிகபட்சம் 46 லட்சம் யென். முதல் பிரிவில் மொத்தம் 450 நிமிடம், அதாவது ஐந்து முழு ஆட்டம், ஆடி முடித்தால்தான் கூடுதல் சம்பளத்துக்கு வழியுள்ள "ஏ" வகைக்கு மாறலாம். 2026-இல்தான் இந்த வகைப்பாடு கைவிடப்பட்டது. திறமையான பையன் ஒரே வருடத்தில் தேசிய அணிக்கு வந்துவிட்டாலும் சம்பளம் அதற்கு ஈடாக ஏறாது. ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கிளப்புக்குக் கிடைக்கும் பணம். 2009 வரை ஜப்பானுக்குள் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் இன்னொரு ஜப்பான் கிளப்புக்குப் போனாலும், வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கு எண்ணை வைத்துப் பணம் கட்ட வேண்டும். ஆனால் ஐரோப்பிய கிளப்பை இது கட்டுப்படுத்தாது! ஒப்பந்தம் முடிந்த வீரர், உலக விதிப்படி, சும்மாவே போகலாம். ஆக, பக்கத்து ஊர் கிளப்புக்கு எட்டாத விலையில் இருக்கும் வீரர் ஜெர்மனிக்காரருக்கு அநேகமாக இலவசம். இந்தக் கோணல் கணக்கை ஜப்பான் கடைசியில் தூக்கி எறிந்து, ஃபிஃபா விதிக்கே வந்து சேர்ந்தது.

ஃபிஃபா விதியிலும் 23 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இளம் வீரர் நாடு மாறும்போது, அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் புது கிளப் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும். ஐரோப்பாவின் முதல் தர கிளப் என்றால் ஆண்டுக்கு 90,000 யூரோ என்பது கணக்கு. ககாவா செரெசோவில் இருந்தது நான்கு சொச்சம் ஆண்டு. பெருக்கிப் பாருங்கள், 3.5 லட்சத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். டோர்ட்மண்ட் அவருக்கு விலை கொடுக்கவில்லை; வளர்த்த செலவை மட்டும் கொடுத்தது.

செரெசோ இதற்கு ஏன் ஒத்துக்கொண்டது? ஒப்பந்தங்கள் குறுகியவை, சம்பளத்தைக் கூட்டிப் பிடித்து வைக்கப் பணமில்லை என்பவை ஒரு பக்கம். ஆசைப்படும் வீரரைத் தடுப்பது அழகல்ல என்ற நினைப்பும் ஜப்பான் கிளப்புகளிடம் நிறையவே இருந்தது. இது நல்ல மனசா, வியாபாரம் தெரியாமையா என்று அங்கேயே வாதம் நடக்கிறது. பாதிப் பாதி என்பது என் கணிப்பு. ஆனால் அந்த வழியனுப்பலால் செரெசோ குலைந்துவிடவில்லை. ககாவா போன அதே 2010 சீசனை முதல் பிரிவில் மூன்றாம் இடத்தில் முடித்தது.

ஏன் ஜெர்மனி, ஏன் பெல்ஜியம்

ஸ்பெயின் ஆட்டம் ஜப்பானியர்களுக்குப் பொருந்தும் என்று பலர் சொல்வார்கள். ஆனாலும் கூட்டம் போவது ஜெர்மனிக்குத்தான். காரணம் ஆட்ட பாணி இல்லை, அயல்நாட்டவர் ஒதுக்கீடு. ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்கு ஓர் அணியில் சில இடங்கள் மட்டும்தான். அந்த இடங்களுக்குத் தென் அமெரிக்கர்கள் வரிசையில் நிற்பார்கள். இத்தாலியிலும் கட்டுப்பாடு உண்டு. இங்கிலாந்தில் வேலை அனுமதி வேண்டும். தேசிய அணி ஆட்டங்களையும் ஆடிய லீக்கின் தரத்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஜெர்மனி 2006-இல் அந்த ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டது. டூசல்டார்ஃப் நகரில் பெரிய ஜப்பானியக் குடியிருப்பு வேறு இருக்கிறது. ஜப்பான் கால்பந்துச் சங்கம் தன் ஐரோப்பிய அலுவலகத்தை அங்கேதான் 2020-இல் திறந்தது.

பெல்ஜியத்திலும் அயல்நாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் போதும். பழத்தோட்டங்களுக்குப் பேர்போன சிறு நகரம் சிந்த்-த்ரூய்டன். அந்த ஊர் கிளப்பை 2017-இல் டிஎம்எம் என்ற ஜப்பானிய இணைய நிறுவனம் வாங்கியது. பிறகு நடந்ததைப் பாருங்கள். தகேஹிரோ தோமியாசு அங்கே ஆடி, இத்தாலியின் போலோன்யா வழியாக ஆர்சனலுக்குப் போனார். வதாரு எந்தோ அங்கிருந்து ஸ்டுட்கார்ட், பிறகு 30 வயதில் லிவர்பூல். ஃபிராங்க்ஃபர்ட்டில் இடம் கிடைக்காத தாய்ச்சி கமாதா, ஒப்பந்தம் அங்கேயே இருக்க, ஒரு சீசன் மட்டும் கடனாக இங்கே வந்து கோல்களைக் குவித்துவிட்டுத் திரும்பி, 2022-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையை வென்றார். மிதோமாவும் பிரிட்டன் வேலை அனுமதி கிடைக்காததால் முதல் வருடம் பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வா கிளப்பில்தான் இருந்தார்.

போன இடத்தில் நடப்பது

ககாவா டோர்ட்மண்டில் முதல் பாதி சீசனிலேயே 17 ஆட்டத்தில் 8 கோல் அடித்தார். பரம வைரியான ஷால்கேவின் மைதானத்தில் இரண்டு கோல் போட்டதும் டோர்ட்மண்ட் ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். பிறகு ஜனவரி வந்தது.

ஆசியக் கோப்பை பெரும்பாலும் ஐரோப்பிய சீசனின் நட்டநடுவில், ஜனவரியில்தான் வரும். 2011-இல் கத்தாரில் நடந்த கோப்பையின் அரையிறுதியில், தென் கொரியாவுக்கு எதிராக ககாவாவின் கால் எலும்பு முறிந்தது. ஜப்பான் கோப்பையை வென்றது. அவர் அந்த ஜெர்மன் சீசனின் மீதிப் பாதியை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். தேசிய அணிக்கு ஆடும் ஐரோப்பிய வீரருக்கு இது வராத தலைவலி. அவருடைய ஆட்டங்கள் இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் முடிந்துவிடும். ஜப்பான் வீரர் 12 மணி நேரம் பறந்து ஆடி, திரும்பவும் பறந்து வந்து சனிக்கிழமை அணியில் இடம் கேட்க வேண்டும்.

அடுத்த சீசனில் 13 லீக் கோல். ஜெர்மன் கோப்பை இறுதியில் பயர்ன் மியூனிக்கை 5-2 என்று சாய்த்தபோது ஒரு கோல் அவருடையது. பின் மான்செஸ்டர். 2013 மார்ச்சில் நார்விச்சுக்கு எதிராக மூன்று கோல். பிரீமியர் லீக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அந்தப் பருவம் முடிந்ததும் அவரை வாங்கிய அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த டேவிட் மொய்ஸின் கணக்கில் அவருக்கு இடம் குறைந்தது. அந்த சீசன் முழுக்க ஒரு கோல்கூட இல்லை. ஆளை வாங்கிய பயிற்சியாளர் போனால் ஆளும் அந்தரத்தில் என்பது எந்த நாட்டு வீரருக்கும் உள்ள ஆபத்து. ஒதுக்கீட்டு இடத்தில் நிற்பவருக்கு இன்னும் கூடுதல்.

2014-இல் டோர்ட்மண்ட் அவரைத் திரும்ப வாங்கியது. 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில் பெனால்டியை உள்ளே அடித்தார். ஜப்பான் 2-1 என்று வென்றது. உலகக் கோப்பையில் தென் அமெரிக்க அணியை ஓர் ஆசிய அணி தோற்கடித்தது அதுவே முதல் முறை. பிறகு இறங்குமுகம். துருக்கியின் பெஷிக்தாஷில் கடனாக அரை சீசன், ஸ்பெயின் இரண்டாம் பிரிவில் சரகோசா, கிரேக்கத்தின் பாவோக், 2022-இல் அதே சிந்த்-த்ரூய்டன். சரகோசா ஒப்பந்தம் 2020 அக்டோபரில் முறிந்து, அடுத்த ஜனவரி வரை கிளப் இல்லாமலே இருந்தார்.

வளர்த்தவர்களுக்கு என்ன கிடைக்கும்

வீரர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே பணத்துக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. 12 முதல் 15 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு வீரர் 1 கோடி யூரோவுக்குக் கைமாறுகிறார் என்று வையுங்கள். சிறுவயதில் நான்கு ஆண்டு பந்து கற்றுக்கொடுத்த ஊர் கிளப்புக்கு 1 லட்சம் யூரோ. பிறகு நான்கு ஆண்டு வைத்திருந்த ஜே லீக் கிளப்புக்கு 2 லட்சம். ஒவ்வொரு விற்பனைக்கும் இது தனித்தனியாக வரும். மாதச் சந்தா வாங்கி நடக்கும் சின்ன கிளப்புக்கு அந்த 1 லட்சம் பெரிய காசு. மலிவாக விட்டவருக்கு முழு நஷ்டம் இல்லை என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், போனவர்கள் திரும்பி வருகிறார்கள். செரெசோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ககாவாவுக்குப் பின்னால் அங்கிருந்து தகாஷி இனுயி ஜெர்மனிக்குப் போனார், ஹிரோஷி கியோதாகே ஜெர்மனிக்குப் போனார், யோய்ச்சிரோ ககிதானி சுவிட்சர்லாந்துக்கு, தகுமி மினாமினோ ஆஸ்திரியா வழியாக லிவர்பூலுக்கு. ககிதானி 2016-இல், கியோதாகே 2017-இல், இனுயி 2021-இல் செரெசோவுக்கே திரும்பினார்கள். 2023 பிப்ரவரியில் ககாவாவும் வந்தார். செரெசோவில் 8-ஆம் எண் சட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. ஹிரோஆகி மொரிஷிமா அணிந்து, ககாவாவுக்குக் கொடுத்தது அது. ககாவா திரும்பி வந்தபோது அந்த மொரிஷிமாதான் கிளப்பின் தலைவர். 33 வயதுக்காரருக்கு அதே 8 கிடைத்தது. ஆட வேண்டிய இடம் மட்டும், குல்பி முன்னால் தள்ளுவதற்கு முன் நின்ற நடுக்களப் பின்வரிசை.

திரும்புவதை ஜப்பானில் யாரும் தோல்வியாகப் பேசுவதில்லை. ஜே லீக்கின் சிறந்த வீரர் விருதை 2000-இல் வாங்கிய நகமுரா, எட்டு வருட ஐரோப்பிய வாழ்க்கைக்குப் பின் திரும்பி 2013-இல் இரண்டாம் முறை வாங்கினார். திரும்பிய பிறகும் அடங்காத ஓர் ஆள் இருக்கிறார்: கசுயோஷி மியூரா. 15 வயதில் தனியாக பிரேசிலுக்குப் போனவர், 2023-இல் தம் 56-ஆவது வயதில் போர்ச்சுகலின் ஒலிவெய்ரென்சே கிளப்புக்காகக் களமிறங்கினார். அவரை எந்த விதிக்குள்ளும் அடைக்க முடியாது, விட்டுவிடுவோம்.

காலண்டர் மாறுகிறது

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 2025 வரை ஜே லீக் சீசன் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. ஐரோப்பா ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிக்கும். ஐரோப்பிய கிளப்புகளிடம் பணம் புரள்வது கோடையில். அப்போது ஜப்பானில் பாதி சீசன்தான் முடிந்திருக்கும். 11 ஆட்டத்தோடு ககாவா கிளம்பியதைப் போல, நன்றாக ஆடும் வீரர்களை நடுவழியில் இழப்பது ஜப்பான் கிளப்புகளுக்கு வருடாவருடம் நேர்ந்தது. சீசன் முடிந்து விற்கலாம் என்று ஜனவரிக்குக் காத்திருந்தால், அந்த மாதத்தில் ஐரோப்பாவில் பெரிய தொகை கைமாறுவது குறைவு.

இதற்காகவே 2026 ஆகஸ்ட் முதல் சீசனை ஐரோப்பிய முறைக்கு மாற்றுவது என்று ஜே லீக் 2023 டிசம்பரில் முடிவெடுத்தது. எளிதில் எடுத்த முடிவில்லை. சப்போரோ, நீகாதா போன்ற ஊர்களில் குளிர்காலம் என்றால் ஆளுயரப் பனி. பயிற்சிக்கே மைதானம் இருக்காது என்று வடக்குப் பகுதி கிளப்புகள் பல வருடமாகச் சொல்லிவந்தன. அதனால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை ஏறக்குறைய இரண்டு மாதம் ஆட்டங்களை நிறுத்தி வைப்பதாக ஏற்பாடு. சீசனின் தலையும் வாலும் ஐரோப்பாவோடு ஒத்துப்போகும். நடுவில் பனிக்கு விடுமுறை.